பாரிஸ் கடிதங்களும் திண்டுக்கல் கோட்டையும்



1783 ஜூன் 13 அன்று கடலூர்க் கோட்டைக்குத் தெற்கே ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் நாள் முழுக்க மோதின. ஆங்கிலத் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறத்தாழ ஆயிரம் பேர்.  ஒரு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, அதே கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பீரங்கிகளால் சுட்டுக்கொண்டன. இந்த இரண்டு சண்டைகளும் நடந்தபோது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போரே இல்லை. ஜனவரி 20 அன்றே வெர்சாயில் பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அந்தக் காகிதம் நம் கரைக்கு வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஜூன் மாதக் கடைசியில் மெதேயா என்ற கப்பல் சமாதானக் கொடியோடு கடலூருக்கு வந்தது. ஜூலை தொடக்கத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

போரைப் பற்றிப் பேச நம்மிடம் ஆள் பஞ்சமில்லை. வீரபாண்டிய கட்டபொம்மனையும் மருதிருவரையும் வேலு நாச்சியாரையும் மேடையிலும் திரையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு போர் எப்படி முடித்துவைக்கப்பட்டது, அதை முடித்த கடிதங்களை யார் யாருக்கு எழுதினார்கள், எவர் பெயர் அவற்றில் இருந்தது, எவர் பெயர் விடப்பட்டது என்ற கேள்விகளை நாம் அதிகம் கேட்டதில்லை. இன்றைய பேச்சுக்கு அவற்றையே எடுத்துக்கொண்டேன். அமெரிக்க விடுதலைப் போரை முடித்த பாரிஸ் கடிதங்களிலிருந்து திண்டுக்கல் கோட்டைவரை ஒரே நூல் ஓடுகிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவோம்.

அமெரிக்கப் போர் நம் மண்ணுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்களின் பக்கம் சேர்ந்தது. அந்தச் செய்தி வந்ததும் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியார் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1779 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களின் மாகியையும் பிடித்தார்கள். மாகி தன் பாதுகாப்பில் இருப்பது, அதைத் தொடக் கூடாது என்று மைசூரின் ஹைதர் அலி எச்சரித்திருந்தார். 1780 ஜூலையில் அவர் கணவாய் இறங்கினார். கர்நாடகச் சமவெளி எரிந்தது, பஞ்சம் பின்னாலேயே வந்தது. அமெரிக்கர்களுக்கும் இந்த உறவு தெரிந்தே இருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’.

இனி பாரிஸ். 1782 மார்ச் மாதம் நகரத்தை ஒட்டிய பாஸி என்ற ஊரில் குடியிருந்த அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் இருந்த பழைய நண்பர் ஷெல்பர்ன் பிரபுவுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். பக்கத்து ஊர் எல்வேசியுஸ் அம்மாளுக்கு ஷெல்பர்ன் அனுப்பியிருந்த நெல்லிச் செடிகள் நல்லபடியாக வந்து சேர்ந்ததைத் தெரிவித்து, அதையே சாக்காக வைத்துச் சமாதானத்தின் மீது தமக்குள்ள விருப்பத்தையும் இரண்டொரு வரியில் சேர்த்தார். அது லண்டனை அடைந்த நாட்களில் அங்கே மந்திரிசபை கவிழ்ந்து ஷெல்பர்ன் பதவிக்கு வந்திருந்தார். அவர் உடனே ரிச்சர்டு ஆஸ்வால்டு என்ற முதிய ஸ்காட்லாந்து வணிகரைப் பிராங்க்ளினிடம் அனுப்பினார். ஓர் அரசு தன் கலகக்காரர்களோடு பேசத் தொடங்கியது இப்படித்தான். நேராக எழுதினால் இருவருக்கும் மானப் பிரச்சினை. செடிக்கு நன்றி சொன்னால் யாருக்கும் இல்லை.

கோடையில் பிராங்க்ளினின் சக தூதர் ஜான் ஜே வந்து சேர்ந்ததும் பேச்சு ஓரிடத்தில் நின்றது. ஆஸ்வால்டின் அதிகாரப் பத்திரத்தில், குடியேற்றங்களின் பிரதிநிதிகளோடு பேச அவருக்கு அதிகாரம் என்று எழுதியிருந்தது. ஜே அதை ஒப்பவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற பெயர் அந்தப் பத்திரத்தில் இருந்தாலொழிய உட்கார மாட்டேன் என்றார். பிரெஞ்சு வெளியுறவு மந்திரி வெர்ஜேன் இதெல்லாம் சம்பிரதாயம், வேலையைப் பாருங்கள் என்ற போக்கில் சொன்னார். பிராங்க்ளினும் முதலில் இதைப் பெரிதாக எண்ணவில்லை. ஜே அசையவில்லை. செப்டம்பரில் புதிய பத்திரம் வந்தது, அவர் கேட்ட பெயரோடு.

என் கணிப்பில் அந்தப் போரின் முடிவு அன்றே தீர்ந்துவிட்டது. எல்லைகளும் மீன்பிடி உரிமையும் கடன்பாக்கியும் பிறகு பேசித் தீர்த்தவை. எதிரி தன் கைப்பட நம்மை ஒரு நாடு என்று எழுதிக் கொடுத்த பிறகு, எஞ்சியது பேரம். பிராங்க்ளினின் சாதுரியத்தைப் போற்றுகிறவர்கள் ஜேயின் இந்தப் பிடிவாதத்தை மறந்துவிடக் கூடாது.

நவம்பர் 30 அன்று பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தானது. இன்னொரு அமெரிக்கத் தூதரான ஜான் ஆடம்ஸ் அக்டோபர் கடைசியில்தான் ஹாலந்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். பிரான்சைக் கலக்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று பிலடெல்பியாவின் காங்கிரஸ் அவர்களுக்குத் தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கட்டளையை மூவரும் மீறினார்கள். வெர்ஜேன் குற்றம்சாட்டி எழுதினார். அதற்குப் பிராங்க்ளின் டிசம்பர் 17 அன்று எழுதிய பதிலை இராஜதந்திரம் படிக்கும் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மரியாதையில் குறை வைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறார், மன்னிப்பும் கேட்கிறார். நம்மைப் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர் மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள், இந்தச் சிறு மனத்தாங்கல் வெளியே தெரியாமல் இருந்தால் அவர்கள் ஏமாந்துபோவார்கள் என்றும் நாசூக்காகச் சொல்கிறார். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் பிரான்சிடமிருந்து அமெரிக்காவுக்குக் கடன் கிடைத்தது.

அதே ஆண்டு பிராங்க்ளின் கையெழுத்திட்ட இன்னொரு காகிதத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு, மறுபடி ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அமெரிக்கத் தூதர் ஹென்றி லாரன்ஸ் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டிருந்தவர். லாரன்ஸின் விடுதலைக்கு ஈடாகக் கார்ன்வாலிஸை அந்த வாக்குறுதியிலிருந்து விடுவித்து 1782 ஜூனில் பிராங்க்ளின் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார், காங்கிரஸின் ஒப்புதலுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. இந்தக் கார்ன்வாலிஸ்தான் 1786-இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். திண்டுக்கல்லின் கதையில் இவர் மறுபடி வருவார்.

நவம்பர் 30-க்கு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 7 அன்று, சித்தூருக்கு அருகே தன் பாளையத்தில் ஹைதர் அலி இறந்தார். அமெரிக்கா விடுதலை பெற்ற செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை. மகன் திப்புவுக்குப் போரும் பிரெஞ்சுக் கூட்டும் சேர்ந்தே வந்தன. அந்தக் கூட்டு எப்படி முடியும் என்பதையும் வெர்சாயில்தான் எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, இந்தியாவில் இருதரப்புக்கும் உள்ள நண்பர்களை இந்தச் சமாதானத்தில் சேர அழைக்க வேண்டும், முடிவுசெய்ய அவர்களுக்கு நான்கு மாதம் தர வேண்டும், அவர்கள் மறுத்தால் இரு நாடுகளும் அவர்களுக்கு உதவக் கூடாது என்கிறது. திப்புவின் பெயர் அதில் இல்லை. நண்பர்கள் என்ற பொதுச்சொல்லுக்குள் மைசூர் அடங்கிவிட்டது. அப்போது மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்த திப்புவோடு நின்ற பிரெஞ்சு வீரர்கள், செய்தி வந்ததும் விலகிக்கொண்டார்கள். கோட்டை விழும் தறுவாயில் கூட்டாளி கைகழுவியதைத் திப்பு கடைசிவரை மறக்கவில்லை.

இதற்கிடையில் மதுரைச் சீமைக்குள் ஒரு படை அலைந்துகொண்டிருந்தது. அதன் தளபதி கர்னல் வில்லியம் புல்லர்ட்டன். பாரிஸிலிருந்த ஆங்கிலத் தூதர் ஸ்டார்மான்ட் பிரபுவிடம் செயலாளராக இருந்து, பிறகு பட்டாளம் திரட்டித் தளபதியானவர். அவரைத் தூதரகக் குமாஸ்தா என்று பிரபுக்கள் சபையில் ஷெல்பர்ன் இளக்காரமாகப் பேசப்போக, 1780 மார்ச்சில் லண்டன் ஹைடு பூங்காவில் இருவரும் கைத்துப்பாக்கியால் ஒற்றைக்கு ஒற்றை நின்று சுட்டுக்கொண்டார்கள். ஷெல்பர்னுக்குத் தொடை இடுக்கில் காயம். நெல்லிச் செடி அனுப்பிய அதே ஷெல்பர்ன்தான். பாரிஸ் சமாதானத்தை நடத்தியவரும், அதைத் தொடர்ந்த சமாதானத்தால் திண்டுக்கல் பக்கம் தன் வெற்றிகளைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவரும் ஒருவரையொருவர் துப்பாக்கி முனையில் சந்தித்தவர்கள்.

1783 கோடையில் ஆங்கிலப் படை கரூரையும் அரவக்குறிச்சியையும் திண்டுக்கல்லையும் பிடித்தது. ஜூன் தொடக்கத்தில் புல்லர்ட்டன் தாராபுரத்தைப் பிடித்தார். கடலூருக்கு வரும்படி ஆணை வரவே கிழக்கே திரும்பினார். கடலூரை நெருங்கும்போது பிரெஞ்சுச் சமாதானச் செய்தி எதிரே வந்தது. உடனே படையைத் தெற்கே, பாளையங்களின் மீது திருப்பினார். ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. அப்போது அதை ஆண்ட கட்டபொம்மன் வீரபாண்டியனுக்கு முந்தியவர். கோட்டைக்குள் 40,000 வராகன் பணத்தோடும் துப்பாக்கிகளோடும் ஒரு காகிதமும் அகப்பட்டதாகப் புல்லர்ட்டன் பதிவுசெய்கிறார். கொழும்பிலிருந்த டச்சு அரசுக்கும் கட்டபொம்மனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலப்பிரதி அது.

இந்த ஒரு வரிக்காகவே புல்லர்ட்டனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பாளையக்காரர்கள் வரிகட்ட மறுத்த முரடர்கள் என்று கும்பினியார் எழுதிவைத்ததையே நாம் வேறு தொனியில், வீரமறவர்கள் என்று, திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடல்கடந்த ஓர் ஐரோப்பிய அரசோடு எழுத்துமூலம் உடன்படிக்கை செய்து, அதன் மூலப்பிரதியைப் பொக்கிஷத்தோடு சேர்த்துப் பாதுகாத்தவர்கள் அவர்கள். அது இராஜதந்திரம் இல்லையென்றால் வேறு எது? சிவகங்கையிலிருந்து விருப்பாட்சிக்கு ஒதுங்கிய நாட்களில், 1772 டிசம்பரில், வேலு நாச்சியாருக்காக அவருடைய பிரதானி தாண்டவராயப் பிள்ளை ஹைதருக்கு 5,000 காலாட்படையும் 5,000 குதிரைப்படையும் கேட்டு எழுதிய கடிதமும் இந்த வரிசையில் வருவது. நாச்சியார் எட்டாண்டு காத்திருந்து 1780-இல் சீமையை மீட்டார். வாளும் வேண்டியிருந்தது, கடிதமும் வேண்டியிருந்தது.

நவம்பரில் புல்லர்ட்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்தார். சீரங்கப்பட்டணம் போகும் வழி திறந்துவிட்டது என்று கணக்குப் போட்டார். அந்த நேரத்தில் சென்னையிலிருந்து திப்புவிடம் புறப்பட்டிருந்த தூதுக்குழுவின் ஆணை வந்தது: பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய எல்லைக்குத் திரும்பவும். ஆந்தனி சாட்லியர், ஜார்ஜ் ஸ்டான்டன், ஜான் ஹட்டில்ஸ்டன் ஆகிய மூவர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அனுப்பியவர் சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி பிரபு. இந்த மெக்கார்ட்னியும் ஸ்டான்டனும்தான் பத்தாண்டு கழித்துச் சீனப் பேரரசரிடம் தூது போனார்கள். புல்லர்ட்டன் தயங்கினார், பிறகு பின்வாங்கத் தொடங்கினார். அதற்குள் மறு ஆணை, பிடித்ததை விடாதே என்று! ஒரு படையின் முன்னும் பின்னுமான நடையை வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த கடிதங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தன.

அந்தக் குழுவோடு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துகொள்ளத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பினார் சுவார்ட்ஸ் பாதிரியார். தமிழ் அறிந்தவர், 1779-இல் சென்னை அரசின் தூதராக ஹைதரிடம் போய் அவருடைய மதிப்பையும் பெற்றவர். இந்த முறை சத்தியமங்கலத்துக்கு அப்பால் போகத் திப்புவின் ஆட்கள் விடவில்லை. திரும்பும் வழியில் புல்லர்ட்டனின் படை பின்வாங்குவதைப் பார்த்த அவர், பேச்சு முடியுமுன்பே கையிலுள்ளதை விட்டுவிடுகிறீர்களே, சமாதானம் அவ்வளவு உறுதியா என்று கேட்டார். பேரம் படிவதற்குள் பொருளைக் கொடுத்துவிடக் கூடாது என்பது அந்தப் பாதிரியாருக்குத் தெரிந்திருந்தது.

எனினும் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புல்லர்ட்டனின் ஏமாற்றம் நம் ஏமாற்றமாகிவிடக் கூடாது. 1780 முதல் படைகள் மிதித்த வயல்களுக்குச் சொந்தக்காரர்களுக்கு, எந்தப் பட்டாளம் முன்னேறினாலும் பின்வாங்கினாலும் தானியம் போனது போனதுதான். அவர்களுக்குச் சமாதானம் வேண்டியிருந்தது. அது எந்த உருவில் வந்தது என்பதே நம் கேள்வி.

1784 மார்ச் 11 அன்று மங்களூரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்ததை இருவரும் திருப்பிக் கொடுக்க வேண்டும், கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது சாரம். கரூர், அரவக்குறிச்சி, தாராபுரம் உடனே காலி செய்யப்படும். திண்டுக்கல்லோ, கைதிகள் அனைவரும் வந்துசேரும்வரை ஆங்கிலேயர் கையில் பிணையாக இருக்கும். மதுரைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கோட்டையும் அதைச் சுற்றிய ஊர்களும் மனிதர்களை மீட்பதற்கான அடகுப்பொருள் ஆயின. அந்த ஊர்களை யாரும் கேட்கவில்லை.

உடன்படிக்கையில் தஞ்சாவூர் ராஜா, திருவிதாங்கூர் ராஜா பெயர்கள் ஆங்கிலேயரின் நண்பர்களாக வருகின்றன. கண்ணனூர் பீவியின் உரிமை பேசப்படுகிறது. ஆற்காட்டு நவாப் வாலாஜா தன்னை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்கவில்லை என்று முறையிட்டார். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் அவர் பக்கம் நின்று திருத்தச் சொன்னார், மெக்கார்ட்னி மறுத்துவிட்டார். மதுரை, திருநெல்வேலி வரிப்பணத்தை 1781-இலேயே கும்பினிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட நவாபுக்கே இந்தக் கதியென்றால், சிவகங்கைக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் விருப்பாட்சிக்கும் அங்கே என்ன இடம்? ஹைதருக்கு உதவி கேட்டு எழுதியவர்களும் டச்சுக்காரரோடு ஒப்பந்தம் வைத்திருந்தவர்களும் போர் நடக்கும்வரை இருதரப்புக்கும் வேண்டியவர்கள். சமாதானப் பத்திரத்தில் அவர்கள் வரவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில், யார்க் விடுதியில் கையெழுத்தான இறுதி உடன்படிக்கையிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலேயருக்காகப் போரிட்ட மொகாக்குகளும் அமெரிக்கருக்காகப் போரிட்ட ஒனைடாக்களும் ஒருசேர விடப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த நிலம் மட்டும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. நாகப்பட்டினமும் அப்படித்தான் போயிற்று. 1781-இல் ஆங்கிலேயர் பிடித்த அந்த டச்சுத் துறைமுகம் ஐரோப்பாவில் நடந்த பேச்சில் அவர்களிடமே தங்கிவிட்டது, திருகோணமலை டச்சுக்காரருக்குத் திரும்பியது.

திண்டுக்கல் திப்புவிடம் திரும்பியது ஆறாண்டுகளுக்குத்தான். 1790-இல் மறுபடி ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு அதை எழுதிக் கொடுத்தார். எழுதி வாங்கியவர் கார்ன்வாலிஸ். பாஸியில் பிராங்க்ளின் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் திண்டுக்கல்வரை வந்து சேர்ந்தது. அங்கே ஒரு மக்களின் விடுதலையை ஒப்புக்கொள்ள நேர்ந்த அரசு, இங்கே புதிய குடியேற்ற ஆட்சியின் அஸ்திவாரத்தை அதே தளபதியின் கையால் போட்டுக்கொண்டது.

அதே 1792-ஆம் ஆண்டு நாம் கூடியிருக்கும் இந்தத் திருப்பரங்குன்றத்துக்கும் உரியது. கும்பினிப் பட்டாளம் கோயிலுக்குள் புகுந்தபோது அதைத் தடுக்க வேறு வழியில்லாமல், குட்டி என்பவர் கோபுரத்தில் ஏறி விழுந்து உயிரை விட்டார். அவர் குடும்பத்துக்கு இரத்தக் காணிக்கை வழங்கியதை இங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. கவர்னருக்கு விண்ணப்பம் எழுத வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஊர், தன் மறுப்பைத் தெரிவித்த விதம் அது. பாரிஸ் கடிதங்களையும் இந்தக் கல்வெட்டையும் ஒரே காலத்தின் ஆவணங்களாகச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஜான் ஜே ஒரு பெயருக்காகப் பேச்சையே நிறுத்திவைத்ததன் அருமை இந்தக் கோபுரத்தடியில் நிற்கும்போது நன்றாக விளங்குகிறது.

பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜே ஆகியோரின் கடிதங்கள் தொகுதி தொகுதியாகப் பதிப்பிக்கப்பட்டு, இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் கிடக்கின்றன. நெல்லிச் செடிக் கடிதத்துக்குக்கூட அடிக்குறிப்பு உண்டு. நம் பாளையக்காரர்களும் நவாபும் ஹைதரும் திப்புவும் கும்பினியோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துத் தொகுதிகளாக இருக்கிறது. பேராசிரியர் ராஜய்யன் போன்ற சிலர் அவற்றில் ஆண்டுக்கணக்காக உழைத்ததால்தான் தாண்டவராயப் பிள்ளையின் கடிதம் நமக்குத் தெரிகிறது. அவர்கள் தொட்டது கொஞ்சம், தொடாதது அதிகம்.

இந்த அவையில் இருக்கும் வரலாற்றுத் துறை மாணவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்களில் சிலராவது ஒரு கோடை விடுமுறையில் எழும்பூருக்குப் போங்கள். 1780 முதல் 1784 வரையிலான தொகுதிகளைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்து முதல் வாரம் கண்ணைக் கட்டும், பிறகு பழகிவிடும். பாரசீகம் படிக்க ஒருவர் முன்வாருங்கள், மராத்தியின் மோடி எழுத்துப் படிக்க ஒருவர் முன்வாருங்கள். மதுரைச் சீமையின் பெயர் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் படியெடுத்து, தமிழாக்கி, குறிப்போடு அச்சிட வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் அதற்கு ஆதரவு தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் தொகுதிக்கான வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள். என்னால் இயன்ற உழைப்பை நானும் தருகிறேன்.